இமேஜிங் ஆய்வுக்குள் நுழைகிறவர்களுக்கு: முதல் ஆறு மாதம்

கணிதம் முடித்துவிட்டு இமேஜிங் பக்கம் வருகிறவர்கள் உண்டு. மின்னணுவியலோ கணினியோ இயந்திரவியலோ படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. முன்னவருக்குக் கருவியைக் கண்டால் நடுக்கம், பின்னவருக்குத் தேற்றத்தைக் கண்டால் நடுக்கம். ஆனால் இரு தரப்பும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "முதலில் எதைப் படிக்கணும்?"

படிப்பை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், முதலில் ஒரு படத்தை நீங்களே கெடுத்துப் பாருங்கள் என்பேன். ஸ்கேனர், எம்.ஆர்.ஐ., தொலைநோக்கி, நுண்ணோக்கி எதுவானாலும் அது நமக்குப் படத்தைத் தருவதில்லை, எண்களைத்தான் தருகிறது. அந்த எண்களிலிருந்து படத்தைத் திரும்பப் பிடிப்பதுதான் இந்தத் துறை. இதை இன்வெர்ஸ் பிராப்ளம் என்பார்கள். விளைவு கையில் இருக்கும், காரணத்தைத் தேட வேண்டும். படம் எண்களாக மாறிய வழி விரல்நுனியில் இல்லாதவர் எண்களைப் படமாக மாற்றப் போனால், அடுத்தவர் எழுதிய நிரலை ஓட்டிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

நாலு கட்டமும் ஒரு பென்சிலும்

தாளில் இரண்டுக்கு இரண்டாக நாலு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையைக் கூட்டினால் 7, கீழ் வரிசை 5. இடது பத்தி 8, வலது பத்தி 4. எண்கள் என்ன?

தெரியாதது நாலு, சமன்பாடும் நாலு, வேலை முடிந்தது என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். மேலே 5, 2, கீழே 3, 2 என்பது பொருந்துகிறது. மேலே 6, 1, கீழே 2, 3 என்பதும் பொருந்துகிறது. வரிசைகளைக் கூட்டினாலும் 12, பத்திகளைக் கூட்டினாலும் 12. அதனால் நாலாவது சமன்பாடு முதல் மூன்றும் சொல்லாத எதையும் சொல்லவில்லை. எதிர்ம எண் கூடாது, முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் விடைகள் ஐந்தாகச் சுருங்கும். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இன்னொரு கதிரை விட்டு, அந்தக் கூட்டுத்தொகை 7 என்று தெரிந்துகொண்டால் ஒரே விடை நிற்கும்.

சி.டி. ஸ்கேன் முழுக்க இந்த விளையாட்டுதான். கட்டத்து எண் அந்த இடம் எக்ஸ்-ரேயை எவ்வளவு விழுங்குகிறது என்பது, கூட்டுத்தொகை ஒரு கதிர் தன் வழியில் காண்பது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக ஸ்கேன் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 180 திசைகளில், திசைக்கு 160 அளவைகள் எடுத்தது. மொத்தம் 28,800. அதிலிருந்து 80-க்கு 80 கட்டம், அதாவது 6,400 எண்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்றைய கைபேசியில் ஒரு செயலிச் சின்னம்கூட அதைவிடப் பெரிய படம்.

இப்போது இரண்டாவது விளையாட்டு. இதுதான் முக்கியமானது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10. இரண்டாவதை மட்டும் 1.01ஆல் பெருக்கிவிட்டுக் கூட்டினால் 10.05. இரண்டுமே 5 என்று சுலபமாகக் கிடைத்துவிடும். அளவையில் ஒரு துளி பிசகி 10.05 என்பது 10.06 ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 4, 6 என்று மாறிவிடுகிறது. அளவையில் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான், விடையிலோ ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு கணக்கு ஒழுங்கானது என்று சொல்ல விடை இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அளவை லேசாக அசைந்தால் விடையும் லேசாகத்தான் அசைய வேண்டும் என்பதை 1902இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் அடமார் விவாதிக்கத் தொடங்கிவிட்டார். முதல் விளையாட்டு இரண்டாவது நிபந்தனையை மீறியது, அடுத்தது மூன்றாவதை. நீங்கள் செய்யப்போகும் ஆய்வு எதுவானாலும் இந்த இரண்டு மீறல்களில் ஒன்றோடுதான் மல்லுக்கட்டப் போகிறது. எது என்று கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பேப்பரையும் பாதி படித்த மாதிரி.

எவ்வளவு கணிதம் போதும்

நேரியல் இயற்கணிதம், ஃபூரியர் மாற்றம், கொஞ்சம் நிகழ்தகவு, கொஞ்சம் உகப்பாக்கம். இவை நாலும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். அளவைக் கோட்பாடு (மெஷர் தியரி), சார்புப் பகுப்பாய்வு எல்லாம் தேவைப்படும்போது வந்துசேரும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஆய்வில் இறங்குவேன் என்று மூன்று வருடம் பாடநூலோடு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நேரியல் இயற்கணிதத்தில் எஸ்.வி.டி. (சிங்குலர் வேல்யூ டிகம்பொசிஷன்) ஒன்றை மட்டும் ஆழமாகப் படியுங்கள். அது படத்தைப் பல அடிப்படை வடிவங்களின் கலவையாகப் பிரிக்கும். ஒவ்வொரு வடிவமும் கருவியின் கண்ணுக்கு எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்பதற்கு ஓர் எண் கொடுக்கும். அந்த எண் 0.001 என்றால் அந்த வடிவத்தை மீட்க 1000ஆல் பெருக்க வேண்டும். கூடவே இரைச்சலும் 1000 மடங்கு பெருகும். மேலே பார்த்த 10.06 கதையின் உடற்கூறு இதுதான். டிக்கனோவ் 1963இல் முன்வைத்த ரெகுலரைசேஷன், இப்படி எகிறும் வடிவங்களுக்குக் கடிவாளம் போடும் வேலை. கடிவாளத்தை இறுக்கினால் படம் மழுங்கும், தளர்த்தினால் படமெங்கும் புள்ளி தெறிக்கும்.

1992இல் ரூடின், ஓஷர், ஃபடேமி மூவரும் கொண்டுவந்த டோட்டல் வேரியேஷன், விளிம்புகளை மழுக்காமல் இரைச்சலை மட்டும் அடக்கப் பார்க்கிறது. 2006 வாக்கில் காண்டேஸ், ராம்பெர்க், தாவோ ஒரு பக்கமும் டோனோஹோ இன்னொரு பக்கமுமாக, குறைவான அளவைகளிலிருந்தே படத்தை மீட்கும் கம்ப்ரெஸ்டு சென்சிங்கை நிறுவினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நேரத்தைக் குறைக்க அது வழிவிட்டது. நியூரல் நெட்வொர்க் முறைகள் அதற்குப் பிறகு வந்தவை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக அதில்தான் குதிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? குறைந்தது டிக்கனோவையும் டோட்டல் வேரியேஷனையும் சொந்தக் கையால் எழுதி ஓட்டிவிட்டுக் குதியுங்கள். உங்கள் நெட்வொர்க் எதை வென்றது என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டும்.

முதல் நிரல்

பைத்தான், நம்பை, சைக்கிட்-இமேஜ் இந்த மூன்றும் இலவசம், போதும். சோதனைப் படமாக ஷெப்-லோகன் ஃபேண்டமை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இலிருந்து எல்லோரும் பாவிப்பது. பத்து நீள்வட்டங்களால் ஆன தலையின் கேலிச்சித்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை 64-க்கு 64 ஆகச் சுருக்குங்கள்.

நூலகத்தில் 'ரேடான்' என்று தயாராகவே ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். படத்தை ஒரு பாகை சுழற்றுங்கள், பத்திகளைக் கூட்டுங்கள், கிடைத்த வரியைச் சேமியுங்கள், அடுத்த பாகைக்குப் போங்கள். ஐந்தாறு வரி நிரல். 180 முறை செய்தால் வளைவு வளைவாக ஒரு படம் வரும், அதுதான் சைனோகிராம். ஸ்கேனர் காண்பது அதை மட்டுமே.

இனித் திரும்பும் பயணம். ஒவ்வொரு வரியையும் அது வந்த திசையிலேயே படம் முழுக்க இழுத்துப் பூசி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுங்கள். தலை தெரியும், ஆனால் மூடுபனிக்குள் நிற்கிற மாதிரித் தெரியும். நடுப்பகுதியில் எல்லாப் பூச்சும் வந்து குவிவதால் அந்த மங்கல். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் ஃபூரியர் மாற்றம் செய்து, அதிர்வெண்ணின் அளவால் பெருக்கி, திருப்பிக் கொண்டுவாருங்கள். மூடுபனி விலகும். இந்த ராம்ப் ஃபில்டரைப் பாடநூலில் படிப்பது ஒன்று, உங்கள் திரையில் படம் துலங்குவதைப் பார்ப்பது வேறு. அடுத்து சைனோகிராமில் ஒரு சதவீதம் இரைச்சல் கலந்து மறுபடி ஓட்டுங்கள். உயர் அதிர்வெண்ணைத் தூக்கிவிட்ட அதே ஃபில்டர் இரைச்சலையும் தூக்கிவிட்டிருக்கும்.

இங்கேயே ஒரு பரிசோதனையையும் பழக்கிக்கொள்ளுங்கள், பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும். முன்னோக்கி நிரலும் பூசும் நிரலும் ஒன்றுக்கொன்று இடமாற்று அணிகளாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு படம், ஏதோ ஒரு சைனோகிராம் இரண்டையும் தற்போக்காக உருவாக்குங்கள். படத்தை முன்னோக்கி அனுப்பி சைனோகிராமோடு உட்பெருக்கம் எடுங்கள். சைனோகிராமைப் பூசி அந்தப் படத்தோடு உட்பெருக்கம் எடுங்கள். இரண்டு எண்ணும் பத்துப் பன்னிரண்டு இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். நீங்கள் சுழற்றி எழுதிய நிரலில் ஒத்துப்போகாது. சுழற்றும்போது நடக்கும் இடைக்கணிப்புதான் குற்றவாளி. பாதகமில்லை, ஆனால் விடையைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் மறுசெய்கை முறைகள் ஏன் பாதி வழியில் அடம்பிடிக்கின்றன என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

படத்தை 256-க்கு 256 ஆக்கியதும் அடுத்த சுவர் வரும். தெரியாதவை 65,536. 180 திசை, திசைக்கு 367 அளவை என்றால் சமன்பாடுகள் 66,060. இந்த அணியை அப்படியே நினைவகத்தில் வைக்க ஏறக்குறைய 35 ஜிகாபைட் வேண்டும். ஒரு கதிர் அதிகபட்சம் ஐந்நூற்றுச் சொச்சம் கட்டங்களைத்தான் கடக்கும், மற்றதெல்லாம் பூச்சியம். அதனால் யாரும் முழு அணியை வைத்துக்கொள்வதில்லை. கச்மார்ஸ் 1937இல் சொன்ன வழி ஒரு சமன்பாடு, அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று என்று வரிசை வரிசையாகத் திருத்திக்கொண்டே போவது. 1970இல் அதையே வேறொரு குழு, அவரை அறியாமலே, படங்களுக்காகக் கண்டெடுத்தது.

பொய்யான வெற்றி

புதியவர் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. எந்த நிரலால் அளவைகளை உருவாக்கினீர்களோ, அதே நிரலால், அதே கட்ட அளவில் படத்தை மீட்டால் முடிவு அற்புதமாக வரும். வராமல் எங்கே போகும்? பூட்டையும் சாவியையும் நீங்களே செய்திருக்கிறீர்கள். துறையில் இதற்கு இன்வெர்ஸ் கிரைம் என்றே பெயர். அளவைகளை 512 கட்டத்தில் உருவாக்குங்கள், மீட்பதை 256இல் செய்யுங்கள். உருவாக்கும்போது வேறு கதிர் மாதிரியைப் பாவியுங்கள். இரைச்சலைச் சேருங்கள். படம் அசிங்கமாக மாறும், அதுதான் உண்மையான தொடக்கப்புள்ளி.

உண்மையான தரவு

மூன்றாம் மாதத்துக்குள் உண்மையான கருவியிலிருந்து வந்த எண்களைத் தொட்டுவிடுங்கள். சொந்தக் கருவி வேண்டியதில்லை. ஃபின்லாந்தின் இன்வெர்ஸ் பிராப்ளம் ஆய்வாளர்கள் 2015இல் ஒரு வால்நட்டின் எக்ஸ்-ரே தரவையும், 2016இல் ஒரு தாமரைக் கிழங்கின் தரவையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், ஜெனோடோ என்ற இலவசத் தரவுத் தளத்தில் கிடைக்கும். வால்நட்டின் சிறிய கோப்பில் 120 திசை, திசைக்கு 82 அளவை. 9,840 சமன்பாடு, 6,724 தெரியாதவை. ஹவுன்ஸ்ஃபீல்டின் படத்தளவுக்குக் கிட்டத்தட்ட சமம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். அணியையும் கூடவே கொடுத்திருப்பதால் முதல் நாளே ஏதாவது ஒரு படம் வந்துவிடும்.

உண்மையான தரவில்தான் இயற்பியல் முகம் காட்டும். டிடெக்டர் எண்ணுவது ஃபோட்டான்களை. ஒரு லட்சம் அனுப்பி ஆயிரம் வந்துசேர்ந்தால், விகிதத்துக்கு மடக்கை எடுத்து 4.6 என்று எழுதுகிறோம், அதுதான் அந்தக் கதிர் வழியிலான கூட்டுத்தொகை. ஆயிரம் எண்ணும்போது முப்பத்திச் சொச்சம் முன்பின் ஆவது இயல்பு, அது மூன்று சதவீதம். வழியில் உலோகம் குறுக்கிட்டுப் பத்தே பத்து வந்தால் மூன்று முன்பின், அதாவது முப்பது சதவீதம். ஒன்றுமே வராவிட்டால் பூச்சியத்துக்கு மடக்கை கேட்டு நிரல் முறைக்கும். பல் அடைத்தவர்களின் சி.டி. படத்தில் நட்சத்திரம் மாதிரிக் கோடுகள் தெறிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த ஒரு பத்தியிலேயே பிஎச்.டி. தலைப்புகள் இரண்டு மூன்று இருக்கின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக ஆய்வகத் தரவு கைக்கு வந்தபோது ஒவ்வொரு விளிம்பும் பிறை மாதிரி இழுபட்டு வந்தது. ரெகுலரைசேஷனை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், மறுசெய்கையைப் பத்து மடங்காக்கினேன். மூன்று வாரம் போனது. கருவியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஒருநாள் என் திரையைக் கடந்து போனவர் நின்று, "அச்சு நடுவுல இல்லையே, பார்த்தீங்களா?" என்றார். பொருள் சுழலும் அச்சு டிடெக்டரின் நடுக்கோட்டிலிருந்து சில பிக்சல் விலகியிருந்தது. ஒரே ஓர் எண்ணைத் திருத்தினேன், பிறைகள் மறைந்தன. அன்றிலிருந்து புதுத் தரவு வந்தால் கணிதத்தைத் தொடுவதற்கு முன் அதை எடுத்தவரிடம் கால் மணி நேரம் பேசிவிடுகிறேன்.

பேப்பர் படிப்பது

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராகப் படிக்காதீர்கள். படங்களைப் பாருங்கள், எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், பிறகு அளவை மாதிரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அந்த ஒரு சமன்பாடு புரியாமல் தேற்றத்துக்குள் போவதில் பயனில்லை. ஆர்க்கைவ் தளத்தில் தினமும் புதியவை கொட்டும், அந்த ஓட்டத்தில் கால் வைத்தால் அடித்துக்கொண்டு போய்விடும். புதியது ஐந்து மேலோட்டமாக, பழையது ஒன்று முழுமையாக, இது என் வாரக் கணக்கு. முழுமையாக என்றால் அதில் உள்ள ஒரு படத்தையாவது உங்கள் நிரலில் மறுபடி கொண்டுவருவது.

பக்கத்துத் துறையையும் எட்டிப் பாருங்கள். கோடுகள் வழியான கூட்டுத்தொகைகளிலிருந்து சார்பை மீட்க முடியும் என்று யோஹான் ராடோன் 1917இலேயே நிறுவிவிட்டார். சி.டி.யின் கணிதத்தைப் பின்னாளில் வகுத்த கார்மாக்குக்கு அது தெரியாது. தானாகவே வழி கண்டு 1963லும் 1964லும் வெளியிட்டார். ராடோனின் கட்டுரை பல வருடம் கழித்துத்தான் அவர் கண்ணில் பட்டது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் ஆய்வேட்டின் தேர்வாளர் அந்த அளவுக்குத் தாராளமாக நடந்துகொள்வார் என்று நம்பாதீர்கள். நிலநடுக்கவியல், வானியல், படிகவியல் ஆகியவற்றில் உங்கள் கணக்கு வேறு பெயரில் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

கேள்வியைப் பிடிப்பது

"சி.டி.யில் ஏதாவது செய்ய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "திசைகளை 120இலிருந்து 20ஆகக் குறைத்தால் வால்நட்டின் உள்ளறைச் சுவர் எந்த முறையில் கடைசி வரை தெரிகிறது?" என்பது கேள்வி. சின்னதுதான். ஆனால் தோற்றாலும் ஜெயித்தாலும் பதில் என்று ஒன்று கிடைக்கும். உங்கள் நிரல் எங்கே உடைகிறதோ அங்கேயே தேடுங்கள். திசைகளைக் குறையுங்கள், ஒரு பக்கத்துத் திசைகளை மொத்தமாக நீக்குங்கள், இரைச்சலைக் கூட்டுங்கள், உடைந்த இடத்தைப் படம் பிடித்து நோட்டில் ஒட்டுங்கள்.

ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். உங்கள் முறையின் அளபுருவை இரண்டு வாரம் மெருகேற்றிவிட்டு, எதிர்முறையை இயல்பு அமைப்பிலேயே ஓட்டி வென்றதாகக் காட்டுவது இந்தத் துறையின் பழைய நோய். மீட்ட படம் அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் பி.எஸ்.என்.ஆர்., எஸ்.எஸ்.ஐ.எம். எண்களைக் கொடுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சின்னக் கட்டி மறைந்துபோனாலும் சராசரி எண் அசையாது. 2020இல் ஆண்டுன், ஹேன்சன் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்ற நெட்வொர்க்குகளின் அளவையில் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றம் செய்தாலே மீட்ட படத்தில் பெரிய பிழைகள் வருவதைக் காட்டினார்கள். மறுபடி அடமாரின் மூன்றாவது நிபந்தனைதான்.

நெறியாளருக்கு எழுதும் மடல்

நெறியாளரின் புகழைவிட அவருடைய மாணவர்களைப் பாருங்கள். இப்போது இருக்கும் இரண்டு பேரிடமும் முடித்துப் போன ஒருவரிடமும் பேசுங்கள். வாரம் ஒருமுறை சந்திக்க முடிகிறதா, கருவிக்கும் கணினிக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும், கணிதத் துறையும் பொறியியல் துறையும் உண்மையிலேயே சேர்ந்து உட்கார்கின்றனவா அல்லது பெயர்ப்பலகையில் மட்டும்தானா, இவை கேட்க வேண்டிய கேள்விகள்.

"தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் மடல்கள் அவருக்கு நாளும் வருகின்றன. நீங்கள் இப்படி எழுதலாம்: "ஐயா/அம்மா, தங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தைத் திறந்த வால்நட் தரவில் செய்து பார்த்தேன். 40 திசை வரை ஒத்துப்போகிறது. 20இல் என் படத்தில் உள்ளறைச் சுவர் மறைந்துவிடுகிறது. அளபுருவைத் தேர்ந்த விதம் காரணமாக இருக்குமா? இரண்டு படங்களையும் நிரலையும் இணைத்திருக்கிறேன்." ஆறு மாதம் மேலே சொன்ன வழியில் போயிருந்தால் இதை எழுத உங்களுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. நிரலில் தற்போக்கு எண்களின் விதையை நிலையாக வைத்திருங்கள், எந்தக் கோப்பு எந்தப் படத்தைத் தந்தது என்று ஒரு பக்கம் குறித்து வையுங்கள். அவர் ஓட்டிப் பார்த்தால் அதே படம் வர வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள், ஆனால் அவருடைய கட்டுரைப் படத்தை முதலில் செய்து பார்த்துவிட்டு.